ஸ்டார்போர்டு பக்கம் ஒரு கடைவாய்ப்பல்

தண்டையார்பேட்டை மாமா ஹார்பரில் கப்பலை இழுக்கும் டக் போட் ஓட்டி ரிட்டயர் ஆனவர். திசை விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்தால் மீள முடியாது. கடைவாய்ப்பல் வலி என்று அவரைப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஃபோர் சிக்ஸ், டிஸ்டல் கேரீஸ்" என்றார்.

மாமா டிவி எங்கே என்று தேடினார். மேட்ச் இல்லை, 46-ஆம் பல்லில் சொத்தை என்றதும் இன்னும் மோசம். "மொத்தமே முப்பத்திரண்டு பல்லு. 46 எங்கேர்ந்து வந்துச்சி?"

டாக்டரம்மா பொறுமைசாலி. வாயை நாலாகப் பிரித்துக்கொள்ள வேண்டுமாம்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அப்புறம் முன்னால் நடுவிலிருந்து எண்ணினால், கீழ் வலதில் ஆறாவது பல் 46. மாமா நாக்காலேயே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

எக்ஸ்ரே திரைக்கு வந்தது. மறுபடி சண்டை. "வலி ரைட்டுல. ஓட்டை லெஃப்டுல தெரியுது. வேற யார் படமோ இது!"

"உங்க எதிர்ல நின்னு பார்க்கிற மாதிரி படம் சார். வலதுன்னா எப்பவும் உங்க வலதுதான், என்னோடது இல்ல."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஸ்டார்போர்டு! கப்பல்ல முன்னால பார்த்து நின்னா வலது, பச்சை லைட்டு. எதிர்ல வர்றவனுக்காக லைட்ட மாத்தி மாட்ட முடியுமா?"

அதோடு விட்டாரா? முன்னே, பின்னே என்று சொன்னால் போதாதா, டிஸ்டல் எதற்கு என்று கேட்டார். பல்வரிசை வளைவாச்சே. நடுக்கோட்டைப் பார்த்த பக்கம் மீசியல், அதைவிட்டு விலகிய பக்கம் டிஸ்டல். முன்பல்லுக்கு அது பக்கவாட்டில் வரும், கடைவாய்க்குப் பின்னால் போய்விடும். கன்னத்துப் பக்கம் பக்கல், கீழே நாக்குப் பக்கம் லிங்குவல். மாமா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஊசி போட்டபிறகுதான் கிளினிக் அமைதியானது.

மரப்பு போகிறவரை சூடாக எதுவும் குடிக்கக் கூடாது என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். மாமாவா கேட்பார்? டீக்கடையில் ஒரு வாய் உறிஞ்சினார். பாதி டீ சட்டையில்.

"மருமவனே, ஸ்டார்போர்டுல லீக்குடா!"

டீ மாஸ்டர் பதறிப்போய் பாய்லருக்குக் கீழே குனிந்து பார்த்தார்.