முக்திநாத்துக்கு முன்னால் திருநீர்மலை

திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற தலம்தான் நேபாளத்து முக்திநாத் என்பது சம்பிரதாயம். அவர் பாடிய இன்னொரு மலை நமக்குப் பக்கத்திலேயே, பல்லாவரம் தாண்டி இருக்கிறது: திருநீர்மலை. எங்கள் மேற்கு மாம்பலம் கோஷ்டியில் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முக்திநாத் பயணத்துக்குச் சில மாதம் முன்பிருந்தே திருநீர்மலைப் படிகளில் ஏறி இறங்கினோம். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அதுதான் சரியான வேகம்.

ஆனால் இதில் பழகுவது கால்தான், உயரம் பழகாது. முக்திநாத் சுமார் 3,700 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால், சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே கிடைக்காது. தினம் மெரினாவில் ஓடுகிறவருக்கும் தலை வலிக்கலாம். கிளம்பும் முன் இ.சி.ஜி., பி.பி. எல்லாம் பார்த்தாயிற்று. உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டர் சொன்னால் மட்டுமே போட வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலையில் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

நேபாளத்துப் பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோமுக்குக் காலை விமானம். பொழுது ஏறினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பலமாகிவிடும். இருபது நிமிடத்தில் 2,700 மீட்டருக்குப் போய்விடுகிறோம். இறங்கிய கையோடு ஜீப்பில் ஏற்றி தரிசனம் பண்ணிவைக்கும் ஏற்பாடும் உண்டு. எங்களுக்கு அந்த அவசரம் வேண்டாம், ஜோம்சோமில் தங்கியே ஆகணும் என்று முன்பே பேசிவிட்டோம். அது நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் ஒரு மாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "காலையிலேர்ந்து நல்ல காபி இல்லையோன்னோ, அதான்" என்றார். ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை, குமட்டல் வேறு. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அதை உயரத்தின் உபாதை என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்கியும் குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. மாமிக்கு அவ்வளவு போகவில்லை. ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்து, தலைவலி விட்ட பிறகே எல்லோரும் சேர்ந்து கிளம்பினோம்.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள், அதாவது நீர் கொட்டும் குழாய்கள், தண்ணீர் உறையும் குளிர். எல்லாவற்றிலும் தலையைக் காட்ட ஆசை வரும். இருதயக்காரர்களுக்கும் பி.பி. உள்ளவர்களுக்கும் ப்ரோக்ஷணமே, அதாவது தீர்த்தத்தைத் தெளித்துக்கொள்வதே போதும் என்பது என் கட்சி. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். மாமி தெளித்துக்கொண்டதோடு சரி, நேராகச் சேவைக்கு நின்றுவிட்டார்.

அடுத்து பத்ரியாம். வழியில் ஜோஷிமட்டில் ஒரு ராத்திரி தங்கணும் என்று இப்போது மாமியே கறாராகச் சொல்கிறார்.