தெற்கு வாசல்

எங்கள் வீட்டு வாசல் தெற்கே பார்த்தது. இதைப் படித்ததும் பாதிப் பேர் மனதுக்குள் "ஐயோ" என்றிருப்பீர்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. அந்த "ஐயோ"வைக் கேட்காத மாதம் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. கரண்டு கணக்கு எடுக்க வருகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிற பையன், மாமனாரின் சித்தப்பா மகன், எல்லோரும் செருப்பைக் கழற்றும்போதே வெயில் எந்தப் பக்கம் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு "தெற்கு வாசலோ?" என்று இழுப்பார்கள். என் வீட்டுக்காரரின் முட்டுவலி முதல் மகளின் கணக்கு மார்க் வரை எல்லாவற்றுக்கும் அந்த நிமிஷமே காரணம் பிடிபட்டுவிட்ட திருப்தி அவர்கள் முகத்தில் தெரியும்.

நாங்கள் சிஎஸ்ஐ சபைக் கிறிஸ்தவர்கள். நாள், நட்சத்திரம், மூலை முடுக்கெல்லாம் நமக்குக் கிடையாது என்பது மாமியின், அதாவது என் மாமியாரின் கொள்கை. இதே மாமிதான் வீடு கட்டும்போது ஆசாரியைக் கேட்டு நிலை வைத்தவர், கன்னிமூலையில் (தென்மேற்கில்) கக்கூஸ் வரக்கூடாது என்று இன்ஜினியரோடு மல்லுக்கு நின்றவர். வாசலை மட்டும் அவரால் திருப்ப முடியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே எங்கள் மனை. வடக்கே மலை, தெற்கே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சானல், அதாவது கால்வாய். வடக்கே வாசல் வைத்தால் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள்தான் விருந்தாளி.

போன வருஷம் மார்ச்சில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். சாமான்களை எல்லாம் முற்றத்தில் போட்டிருந்த நேரத்தில் சிங்கப்பூரில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்த மைனி (அண்ணி) ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரோட்டில் நின்றே வீட்டைப் பார்த்தார். நான் "ஐயோ"வுக்குத் தயாரானேன்.

"ஏ பிள்ளே, பின்னால மலை, முன்னால தண்ணி, தெற்குப் பார்த்த வாசல். சீனாக்காரன் லட்சம் லட்சமா குடுத்து இப்படி ஒரு எடம் தேடுவான், கேட்டியா?"

இந்த வீட்டை ஒருவர் புகழ்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரியே, நம் வாஸ்து மாதிரி சீனாக்காரர்கள் பார்க்கிற ஃபெங் சுயி பற்றிய வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். வேறு எந்த சாஸ்திரமும் என்னை இப்படி இழுத்திருக்காது. கொஞ்சம் புகழ்ந்தால் போதும், நான் எந்த மதத்துக்கும் எந்த சாஸ்திரத்துக்கும் அரைமணி நேரம் ஒதுக்குவேன்.

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். இதைப் பேசுகிற பழைய சீன நூல்களில் முக்கியமான ஒன்று கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்பவரின் பெயரில் வழங்குகிறது. அது வீட்டைப் பற்றியதே இல்லை, கல்லறைக்கு இடம் பார்ப்பதைப் பற்றியது. 'சி' என்கிற உயிர்ச்சத்து காற்றில் சிதறிப் போகும், நீரைக் கண்டால் நின்றுவிடும் என்பது அதன் அடிப்படை. அதனால் காற்றைத் தடுக்க முதுகுப்பக்கம் ஒரு மலை, சத்தை நிறுத்த முன்பக்கம் நீர். பின்னால் இருக்கிற மலைக்குக் கருப்பு ஆமை என்று பெயர். கிழக்கே பச்சை டிராகன், மேற்கே வெள்ளைப் புலி, தெற்கே சிவப்புப் பறவை. எங்கள் ஆமை வடக்கே சரியான இடத்தில்தான் படுத்திருக்கிறது. சானல்தான் கோடையில் வற்றிக் கிடக்கும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வருகிற மாதங்களில் மட்டும் நாங்கள் யோகக்காரர்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தெற்கு ஏன் அவர்களுக்கு நல்ல திசை என்று தேடிப் பார்த்தபோது கொஞ்சம் சப்பென்றாகிவிட்டது. வட சீனாவில் குளிர்காலத்தில் எலும்பைத் துளைக்கிற காற்று வடக்கேயிருந்து வரும். பெய்ஜிங் மாதிரி ஊர்களில் வருஷம் முழுவதும் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். ஆகவே வடக்கே சுவரும் தெற்கே சன்னலும் வைப்பது குளிர் தாங்க முடியாதவன் செய்கிற காரியம். அவர்களுடைய திசைகாட்டி முள்ளுக்கே 'தெற்கைக் காட்டும் ஊசி' என்றுதான் பெயர். நம் ஊரோ நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இங்கே நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். இதுவரை கவனிக்காதவர்கள் மே மாதம் உச்சிவேளையில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழல் தெற்கே விழும். எங்களைச் சுடுவது தெற்குச் சுவர் அல்ல, சாயங்காலம் மேற்குச் சுவர். இதையெல்லாம் மைனியிடம் சொல்லவில்லை. கிடைத்த ஒரு புகழையும் நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அப்புறம் வீட்டுக்குள் வந்தேன். பாகுவா என்று எட்டு மூலை கொண்ட ஒரு வரைபடம் இருக்கிறது. தென்கிழக்கு செல்வம், தென்மேற்கு தாம்பத்தியம், வடக்கு தொழில் என்று திசைக்கு ஒரு பலன். ஒரு வீடியோ திசைகாட்டி வைத்துப் பார் என்றது. இன்னொன்று திசை வேண்டாம், வாசலில் நின்று உள்ளே பார், இடது கோடி மூலைதான் செல்வம் என்றது. எங்கள் வீட்டில் அது வடமேற்கில் போய் விழுகிறது. இந்த இரண்டாவது முறை 1980களில் லின் யூன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய புது வழி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தெரிவதற்குள் ஒரே மூங்கில் செடியை மூலை மூலையாகச் சுமந்தாகிவிட்டது. (அது மூங்கிலும் இல்லை. ஆப்பிரிக்காவில் வளருகிற டிரசீனா இனம். வடசேரியில் 250 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.)

திசைகாட்டியும் லேசில் அடங்கவில்லை. போனில் இருக்கிற திசைகாட்டியை வைத்துப் படுக்கையறையில் வடக்கைக் கண்டுபிடித்து, ஒரு நாள் முழுக்க அதன்படி சாமான்களை நகர்த்தினோம். சாயங்காலம் மகள் வந்து, "அம்மா, பீரோ பக்கத்துல நின்னு பார்த்தா அது எப்படிச் சரியா காட்டும்? இரும்பில்லா?" என்றாள். ஹாலுக்குப் போய்ப் பார்த்தால் வடக்கு வேறு பக்கம். மலை வடக்கே இருக்கிறது என்பது பிறந்த குழந்தைக்கும் தெரிகிற ஊரில், வடக்கைப் போனில் தேடியவள் நான்.

கட்டில் விஷயத்தில் சீனாவும் மாமியும் ஒரு அறையில் ஒத்துப்போனார்கள், இன்னொரு அறையில் முட்டிக்கொண்டார்கள். படுத்திருக்கிறவருக்குக் கதவு தெரிய வேண்டும், ஆனால் கால் நேராகக் கதவைப் பார்க்கக் கூடாது, தலைமாட்டில் சுவர் வேண்டும். இதுதான் ஃபெங் சுயி சொல்வது. எங்கள் அறை கன்னிமூலையில். கட்டிலைத் தெற்குச் சுவரோடு சேர்த்துப் போட்டதும் கதவு சாய்வாகத் தெரிந்தது. தலையும் தெற்கே வந்துவிட்டது என்று மாமிக்கும் சந்தோஷம். மகள் அறையில் கதவு தெற்கே இருக்கிறது. சீனக் கணக்கில் தலை வடக்கே வந்தால்தான் சரி.

"வடக்க தலை வச்சு யாராவது படுப்பாங்களா பிள்ளே?"

"நமக்குத்தான் இதெல்லாம் கிடையாதே, மாமி?"

"அது வேற, இது வேற."

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹால் ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டாள். கடைசியில் தலை கிழக்கே என்று சமாதானமாகி, கதவு தெரிவதற்குச் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டினோம். அந்தக் கண்ணாடியில் அவள் கதவைப் பார்த்து நான் பார்த்ததில்லை. முகப்பரு பார்ப்பாள்.

கட்டிலுக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தவை: இரண்டு டின் தேங்காய் எண்ணெய், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், மாமனாரின் டிரங்குப் பெட்டி, உடைந்த மிக்ஸி, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்துப் பிரிக்காமலே கிடந்த டின்னர் செட், ஒரு சாக்கு உமி. உமி எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக் கழுவித் துடைத்த அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அது 'சி'யா, அலுப்பா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

முழுமனதோடு ஒத்துக்கொள்வது அடுக்களையில் செய்ததை. அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஒட்டி இருக்கக் கூடாது, நெருப்புக்கும் நீருக்கும் ஆகாது. அடுப்பை இரண்டடி தள்ளினேன். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்துப் படபடவென்று வெடிப்பது அன்றோடு நின்றது. அடுத்தது, சமைக்கிறவள் முதுகு கதவுப் பக்கம் இருந்தால் அடுப்புக்குப் பின்னால் கண்ணாடி வைக்கச் சொல்கிறார்கள். ஆவி படிகிற இடத்தில் யார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பது? பெரிய சில்வர் தாம்பாளம் ஒன்றைச் சாய்த்து வைத்தேன். இப்போது வெங்காயம் வதக்கிக்கொண்டே, முந்திரிக்கொத்து டப்பாவை நோக்கிப் பூனை மாதிரி வருகிற மகனைப் பார்க்கிறேன். "வை கீழ" என்று திரும்பாமலே சொன்ன முதல் நாள் அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் பின்னாலும் கண் இருக்கிறது என்று இன்னும் நம்புகிறான்.

இனி காற்றுமணிக் கதை. ஆறு வெள்ளைக் குழல் தொங்குகிற மணியை ஏப்ரலில் வாங்கி சிட்டவுட்டில் (முன் திண்ணையில்) மாட்டினேன். ஏப்ரல், மே மாதங்களில் எப்போதாவது டிங் என்று ஒன்று விழும். ஒரு சன்னக் காற்று, ஒரு டிங். வீடே கோயில் மாதிரி இருந்தது. (எங்கள் கோயிலில் இருப்பது பெரிய மணி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அடிப்பார்கள்.) அப்புறம் ஜூன் வந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் இங்கே ஒரு இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, போக வழியில்லாமல் இந்தச் சந்துக்குள் புகுந்து வேகம் பிடிக்கும். பக்கத்து முப்பந்தலில் காற்றாடிகளை அத்தனை நெருக்கமாக நட்டு மின்சாரம் எடுப்பது அதனால்தான். காற்றுக்குத் திசைக்கு ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது: கொண்டல், தென்றல், கோடை, வாடை. கடற்கரையில் மேற்கிலிருந்து அடிப்பதைக் கச்சான் என்பார்கள். எங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிப்பதற்குப் பெயரெல்லாம் கிடையாது, "காத்து" அவ்வளவுதான். மேற்குச் சன்னலைத் திறந்தால் அடுப்பு அணையும், திறக்காவிட்டால் அடுக்களை புழுங்கும். காயப்போட்ட சட்டையைப் பக்கத்து வீட்டு வாழையில் போய் எடுத்து வருவோம்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி மணி அடிக்க ஆரம்பித்தது. விடியும் வரை நிற்கவில்லை. டிங் என்று ஒன்றொன்றாகக் கேட்டால் பரவாயில்லை, பாத்திரக்கடையை லாரியில் ஏற்றிக் குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டு போவது மாதிரி ஒரு இரைச்சல். காலையில் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்தார். கோபப்படவில்லை. "ஐஸ் வண்டிக்காரன் ராத்திரி உங்க வீட்டுலயா தங்கினான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கழற்றலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினால், மாட்டிய கொக்கியை அந்தக் காற்றில் கையால் பிடிக்க முடியவில்லை. மாமி உள்ளே போய்த் தன்னுடைய பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து, ஆறு குழலையும் ஒன்றாகச் சேர்த்து, காலொடிந்த கோழிக்குக் கட்டுப் போடுகிற மாதிரி இறுக்கிக் கட்டினார். காற்று உயிர்ச்சத்தைச் சிதறடிக்கும் என்று குவோ பூவின் நூல் சொல்வதன் பொருள் எனக்கு அந்தக் காலையில்தான் விளங்கியது.

சிரிக்கும் புத்தரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைனி கொடுத்தது. வாசலுக்கு எதிரே வைத்த மறுநாளே போதகர் ஐயா வீட்டு ஜெபத்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். மாமி பதறிப் போனார். இவர் கௌதம புத்தரே இல்லை, 10-ஆம் நூற்றாண்டில் துணிமூட்டையோடு ஊர் சுற்றிய பூதாய் என்கிற சீனத் துறவி, பூதாய் என்றாலே துணிமூட்டை என்றுதான் அர்த்தம் என்று நான் எடுத்துச் சொன்னேன். "மூட்டையோ முடிச்சோ, அவன உள்ள வை" என்றார். மகள் வாங்கிய பைபிள் வினாடி வினா கேடயத்துக்குப் பின்னால், ஷோகேஸில் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஐயா காப்பி குடிக்கும்போது அவரைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை.

தென்கிழக்குக்கு மரம் வேண்டும் என்றார்கள். டிரசீனா மஞ்சளாகிச் செத்த பிறகு அந்த இடம் காலியாகக் கிடந்தது. என் பிறந்த வீடு குலசேகரம் பக்கம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது, வீட்டுக்குப் பின்னால் நின்ற அயினி மரம் வேரோடு சாய்ந்தது. அப்பா அதை விற்க மனமில்லாமல் பலகையாக அறுத்துச் சாய்ப்பில் அடுக்கி வைத்திருந்தார். அவர் போன பிறகு அண்ணன் எனக்கு நாலு பலகை கொடுத்தான். அதில் ஆசாரியிடம் சொல்லி ஒரு பெஞ்சு செய்து, தென்கிழக்கு மூலையில் சன்னலுக்குக் கீழே போட்டேன். பாலிஷ் வேண்டாம் என்றேன், எண்ணெய் மட்டும் தேய்த்தார். மத்தியானம் வேலை ஒதுங்கிய பிறகு அதில்தான் உட்காருகிறேன். செல்வம் வந்ததா என்று மைனி போனில் கேட்கிறார். வரவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பலகையிலிருந்து அப்பா வீட்டுச் சாய்ப்பின் மணம் வருகிறது.

போன வாரம் மாமனாரின் சித்தப்பா மகன் மறுபடி வந்தார். மகளுக்கு வீடு கட்டுகிறாராம், பிளானைக் காட்ட வந்தவர். செருப்பைக் கழற்றினார், அண்ணாந்து பார்த்தார், "ஆனாலும் இந்தத் தெற்கு வாசல்..." என்று தொடங்கினார். நான் வாய் திறப்பதற்குள் அயினி பெஞ்சில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி நிமிர்ந்தார்.

"பின்னால ஆமை, முன்னால தண்ணி. சீனாக்காரன் லட்சம் லட்சமா குடுப்பான், உனக்கு என்ன தெரியும்?"

அவர் ஆமையைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமி கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தபடி என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அந்த மணிய மட்டும் அவுத்துராத பிள்ளே" என்றார்.