பத்துப் பேருக்கு ஒரு குழாய்

2022 ஏப்ரல் 1 அன்று கொரோனாவுக்காகச் சீனாவின் ஷாங்காய் நகரத்தின் மேற்குப் பாதியை அடைத்தபோது நான்கு நாள் என்றுதான் சொன்னார்கள். ஐந்தாம் நாளும் எங்கள் குடியிருப்பின் கதவு திறக்கவில்லை. இரண்டரைக் கோடிப் பேர் வாழும் நகரம் ஜூன் 1 வரை அப்படியே கிடந்தது. நான் மே மாதத்திலேயே வெளியேறிவிட்டேன்.

கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பெய்ஜிங் மண்டபம் அல்ல, எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் ஆயிதான். நடுவயதுப் பெண்களை அங்கே 'ஆயி' என்பார்கள். நம் அத்தை, சித்தி மாதிரி. அதுவரை குப்பையைத் தரம் பிரிக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தவர். இப்போது வாசல் சாவி அவரிடம்.

விடிந்ததும் ஒலிபெருக்கி கூப்பிடும். கீழே இறங்கி வரிசையில் நின்று வாயைத் திறக்க வேண்டும். வெள்ளை அங்கிக்காரர் தொண்டையில் குச்சியைச் சுழற்றி எடுத்துக் குழாயில் போடுவார். பத்துப் பேருக்கு ஒரே குழாய். ஒருவருக்குத் தொற்று என்றால் பத்துப் பேரும் மாட்டினோம். அதனால் யாருக்குப் பின்னால் நிற்பது என்பதே பெரிய கவலையாகிவிட்டது. இருமும் கிழவரைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, பின்னால் இருப்பவரை முன்னே விட்டுவிடுவேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அரசு கொடுத்த பையில் முள்ளங்கியும் முட்டைக்கோசும் இருந்தன. பக்கத்து வீட்டார் இறைச்சி இல்லை என்று புலம்பினார்கள். எனக்கு முள்ளங்கிச் சாம்பார், பருப்பு தீரும் வரை.

ஏப்ரல் 22 இரவு, நகரவாசிகளின் அழுகையும் கெஞ்சலும் பதிவான தொலைபேசிக் குரல்களைத் தொகுத்த ஆறு நிமிட ஒளிப்பதிவு ஒன்று வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் சுற்றியது. திறப்பதற்குள் நீக்கப்பட்டிருக்கும். உடனே வேறொருவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார். வழக்கமாக முட்டை விலை மட்டுமே பேசும் எங்கள் குடியிருப்பின் வீசாட் குழுவிலும் வந்தது. மறுநாள் காலை அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி முட்டை விலைதான்.

அன்றுதான் ஊருக்குக் கிளம்ப முடிவெடுத்தேன். இந்தியாவுக்கு நேரடி விமானம் 2020 முதலே நிறுத்தப்பட்டிருந்தது. வேறு நாடு சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. டிக்கெட் கிடைத்தது. சிக்கல் பெயரில் வந்தது. தொற்று நிலையைக் காட்டும் கைப்பேசிச் சுகாதாரக் குறியீட்டில் அப்பா பெயர் முதலில், டிக்கெட்டில் என் பெயர் முதலில். "இது ஒருவரா, இருவரா?" என்று ஆயி கேட்டார். நம் ஊரில் குடும்பப்பெயர் கிடையாது என்று என் அரைகுறைச் சீனத்தில் விளக்கினேன். பரிதாபமாகப் பார்த்தார்.

பிறகு ஓர் உறுதிமொழிக் கடிதம்: வாசலைத் தாண்டினால் அடைப்பு நீங்கும் வரை திரும்ப மாட்டேன். "விமானம் ரத்தானால்?" என்றேன். "அது கடிதத்தில் இல்லை" என்றார். கையெழுத்துப் போட்டேன், வெளியேறும் சீட்டில் முத்திரை விழுந்தது.

இனி 48 மணி நேரத்துக்குட்பட்ட பரிசோதனை முடிவு மட்டும் பாக்கி. முந்தின நாள் கொடுத்த மாதிரியின் முடிவு நள்ளிரவாகியும் வரவில்லை. அந்தக் குழாயில் என்னோடு இருந்த ஒன்பது பேரின் முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இரண்டு மணிக்குத் தொற்று இல்லை என்று பச்சை வந்தது.

காலையில் ஆயி சீட்டை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுக் கம்பியைத் தூக்கினார். காரில் ஏறி, நன்றி சொல்லலாம் என்று வீசாட்டைத் திறந்தேன். அதற்குள் குடியிருப்பின் வீசாட் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்.