மஞ்சள் பட்டை

அந்த வாடிக்கையாளரிடம் நான் கேட்டேன் என்பது உண்மை. "வீட்டில் இவ்வளவு தூரம் கிடைக்குமா அண்ணே?" திரையிலிருந்து எவ்வளவு தள்ளி நின்று விளையாட வேண்டும் என்பதற்காகக் கடைத் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையைக் காட்டித்தான் கேட்டேன். "கிடைக்கும் தம்பி" என்றார். சொன்னபோது அவர் பட்டையைப் பார்க்கவில்லை, கூட வந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவனித்த பிறகுதான் பில் போட்டேன்.

2010 டிசம்பர். உடலசைவால் வீடியோ கேம் ஆட வைக்கும் மூன்று கருவிகளும் நான் விற்பனையாளனாக இருந்த கடையில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தன. அவர் கேட்டு வந்தது நின்டெண்டோ வீ. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் மடங்கியிருந்தன. கைக்குப் பயிற்சியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். ரிமோட்டைக் கொடுத்தேன். உள்ளங்கையில் நிற்காமல் நழுவி, மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கியது. அடுத்தது சோனியின் மூவ். அதன் நுனியில் ஒளிரும் பந்தைக் கேமரா பின்தொடரும். துல்லியத்தில் அதை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது என்பது இன்றும் என் கருத்து. ஆனால் அதையும் கையில் பிடித்தாக வேண்டும்.

மூன்றாவது கினெக்ட், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியோடு இணைக்கும் கேமரா. அதற்குக் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, அவை விழும் விதத்திலிருந்தே ஆள் நிற்கும் தூரத்தைக் கணக்கிடும். அம்மா பட்டைமேல் நின்று வலது கையை மெல்லத் தோள்வரை தூக்கினார். திரையில் இருந்த உருவமும் தூக்கியது. யாரும் சொல்லாமலே மறுபடியும் தூக்கினார்.

அதைப் பார்த்த பிறகு வேறு எதை நான் சொல்லியிருக்க முடியும்? கினெக்டை முன்னிறுத்தி விற்கச் சொல்லி உத்தரவு இருந்தது என்னவோ உண்மைதான். வெளிவந்த 60 நாட்களில் உலகெங்கும் 80 லட்சம் விற்ற பொருள் அது. உத்தரவுக்காக நான் விற்கவில்லை. ஆனால் சிங்கப்பூரின் தோ பாயோவில் சின்ன மூவறை வீடு என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா?

பத்து நாள் கழித்து எக்ஸ்பாக்ஸும் கினெக்டுமாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்றேன். அவர் சண்டை போடவில்லை.

"அந்தப் பட்டை எத்தனை அடி தம்பி?"

"ஆறடி."

"எங்கள் வீட்டில் நாலரைதான். அம்மாவின் கால் தெரியவில்லை என்கிறது."

சோபாவை நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். அம்மா இரவில் படுப்பதே அதில்தான் என்றார்.

மறு ஆண்டு, கினெக்டின்மேல் மாட்டித் தூரத்தைக் குறைக்கும் லென்ஸ் ஒன்று வந்தது. நாலரை அடிக்கு அது போதுமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ரசீது நகலில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். அழைக்கவில்லை.