திருட்டு நடந்த வீட்டிலிருந்து எஃப்.ஐ.ஆர். வரை

“நம்ம ஏரியால திருட்டெல்லாம் கம்மி” என்று யாராவது சொன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். காவல் துறையின் குற்ற எண்ணிக்கையில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்குதான். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு திரும்பியவரின் திருட்டு அதில் வராது. பத்து வீட்டுக்காரர்கள் அப்படித் திரும்பினால், காகிதத்தில் அது அமைதியான தெரு. குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுத உதவுகிறவர்கள் என்ற முறையில், பூட்டு உடைந்த காலையிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வரும்வரை எது எங்கே சிக்குகிறது என்று எழுதுகிறோம்.

முதல் சிக்கல் வீட்டுக்காரரின் கையில்தான். பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்ததும் நேரே பீரோவுக்கு ஓடி, கதவைத் திறந்து, லாக்கருக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள். பீரோ கைப்பிடி, லாக்கர் கதவு, எவர்சில்வர் டப்பா மாதிரி வழவழப்பான இடத்தில்தான் ரேகை நன்றாகப் பதியும். அதன்மேல் நம் கை பட்டால் திருடன் ரேகை கலைந்துபோகும். வாசலிலேயே நின்று 100 அல்லது 112-ஐ அழையுங்கள். ஆறுதல் சொல்ல வரும் சொந்தக்காரர்களைப் பக்கத்து வீட்டில் உட்காரவையுங்கள். ஆளாளுக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதில் கெடும் தடயம் நிறைய. வீட்டு ஆட்களின் ரேகையையும் எடுப்பார்கள். கழித்துப் பார்ப்பதற்காகத்தான், கோபப்பட வேண்டாம்.

அன்றைக்கே தெருவில் உள்ள கேமராப் பதிவுகளைக் கேட்டுவிட வேண்டும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. ஆகும். நான்கு கேமரா, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் என்றால் பதினோரு நாளில் நிறைந்து, பழையது அழிந்து புதியது ஏறும். திருட்டு நடந்து பத்து நாள் கழித்து ஊரிலிருந்து வந்தவருக்கு, அந்தப் பதிவு அழியும் முன் கைவசம் இருப்பது ஒரே நாள். கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியான டி.வி.ஆரின் கடிகாரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒன்றாக வைத்து ஒரு போட்டோ எடுங்கள். கடிகாரம் இருபது நிமிடம் பிந்தி ஓடினால், பதிவில் தெரியும் ஆள் வேறு நேரத்தில் வந்தவனாகிவிடுவான்.

புகாரில் “சுமார் பத்துப் பவுன் நகை” என்று எழுதாதீர்கள். “மூன்று பவுன் முறுக்குச் செயின், கொக்கி ஒரு பக்கம் வளைந்தது, ஒரு பவுன் தோடு, இடது தோட்டில் ஒரு கல் இல்லை” என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நகை மீட்கப்பட்டால் உங்களுடையது என்று காட்டப்போவது இந்த வரிகள்தான். பில் இல்லாவிட்டால் அந்த நகையைப் போட்டிருக்கும் கல்யாண போட்டோ உதவும். கூட்டியும் எழுத வேண்டாம், யாராவது சொன்னார்கள் என்று குறைத்தும் எழுத வேண்டாம். கடைசியாகப் பூட்டிய நேரம், பார்த்த நேரம் இரண்டும் இருக்கட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் திருட்டில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது; நீதிமன்ற உத்தரவு வேண்டும். தெருவில் நிறுத்திய பழைய சைக்கிள் கணக்கில் வராமல் போவது இப்படித்தான். வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் கதை வேறு. அது 305-ஆம் பிரிவு, பூட்டை உடைத்திருந்தால் 331-உம் சேரும். அங்கே 5,000 என்ற வரம்பே இல்லை. எனவே எந்த இடத்திலிருந்து, எப்படி எடுத்தார்கள் என்பதை உள்ளது உள்ளபடி, முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் முதலில் கொடுப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. வாங்கிக்கொள்ளலாம், அதோடு கிளம்பிவிடக் கூடாது. “விசாரிச்சுட்டுப் போடுறோம்” என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமுண்டு. குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(3)-இன்படி, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்தில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். ஆனால் 305-க்குத் தண்டனை ஏழு ஆண்டு வரை. அந்த வரம்புக்குள் அது வராது. இதை அமைதியாகச் சொன்னாலே பேச்சின் தொனி மாறுவதுண்டு. அப்படியும் பதியாவிட்டால் 173(4)-இன்படி புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். தஞ்சாவூர், வேலூர், ஈரோடு, நாகர்கோவில் எல்லாம் மாநகராட்சிகள்தான். ஆனால் போலீஸ் கமிஷனர் கிடையாது, எஸ்.பி. அலுவலகம்தான். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். மின்னஞ்சலிலோ இணையத்திலோ புகார் அனுப்பியவர் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பலருக்கு இது தெரியாமல் மனு அப்படியே கிடக்கும்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்கியதும் குற்ற எண், பிரிவு, பொருள் பட்டியல் மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள்.

இனி ஏரியாவின் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தனியாக எண்ணிக்கை வெளியிடும் பெருநகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும்தான் வருகின்றன. சிறு நகரம் மாவட்டக் கணக்கில் கரைந்துவிடும். வழி தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, 30 நாள். “ஏன் திருட்டு அதிகம்” என்று கேட்டால் பதில் வராது. பதிவேட்டில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். மாதவாரியாக எத்தனை சி.எஸ்.ஆர்., அவற்றில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின என்பதைத் தனித்தனியாக. பிரிவு எண்ணில் ஏமாறக் கூடாது: 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379, 380, 454, 457-இல் இருக்கும்; பிந்தையவை 303, 305, 331-இல். செயின் பறிப்புக்கு இப்போது 304 என்று தனிப் பிரிவு. புதிய எண்களை மட்டும் கேட்டவருக்கு, அந்த ஜூலைக்கு முன்னால் ஊரில் திருட்டே நடக்காத மாதிரி பதில் வரும். இன்னொன்று, ஸ்டேஷன் எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றல்ல. தெருவின் ஒரு பக்கம் ஒரு ஸ்டேஷன், எதிர்ப்பக்கம் இன்னொன்று என்று இருந்தால் இரண்டுக்கும் மனு போட வேண்டும், இரண்டிலும் தெருப்பெயர் எழுதி.