சர்ச்சின் பின்னறையில் நடந்த கல்யாணம்

மால்டாவுக்கு வருவதற்கு முன்னால் அந்தத் தீவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வேதாகமத்தில் வரும் அப்போஸ்தலர் பவுல் போன கப்பல் உடைந்து, எல்லோரும் உயிர் தப்பிக் கரையேறிய இடம். விறகு பொறுக்கிய பவுலின் கையைப் பாம்பு கவ்விய இடம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ஞாயிறு பள்ளியில் படித்தபோது அதன் பெயர் மெலித்தா. 2019-இல் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, "வேதாகமத்தில் வரும் ஊராச்சே" என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு வேறொரு யோசனை இருந்தது. 2016-இல் என் தம்பி, தான் தன்பாலீர்ப்பாளன் என்று என்னிடம் சொன்னான். வீட்டில் அவன் அதை முதலில் சொன்னது என்னிடம்தான். பதிலுக்கு நான் ஒரு வேத வசனத்தை அனுப்பினேன். எட்டு மாதம் அவன் என்னிடம் பேசவில்லை. அந்த எட்டு மாதத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதனால் இன்னொரு கிறிஸ்தவ ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்தபோது, அங்கேயும் இதே பேச்சுதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. மால்டாவின் அரசியலமைப்பில் இரண்டாவது பிரிவே கத்தோலிக்க மதம்தான் நாட்டின் மதம் என்கிறது. எது சரி, எது தப்பு என்று போதிக்கும் உரிமையும் கடமையும் சபைக்கு உண்டு என்றும் அதில் எழுதியிருக்கிறது. 2011 வரை அங்கே விவாகரத்துச் சட்டமே கிடையாது. எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு கோயில் மணி கேட்கும். கோடைக்காலம் முழுக்க ஊருக்கு ஊர் புனிதர் திருவிழா, வாணவேடிக்கை.

இல்லத்தில் நான் கவனித்துக்கொண்டவர்களில் ஒரு பாட்டி இருந்தார். அவர்கள் மொழியில் பாட்டியை நான்னா என்பார்கள். என்னை அவர் 'பின்தி' என்று கூப்பிடுவார், என் மகளே என்று அர்த்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மாதா சுரூபம், அதையொட்டி ஒரு கல்யாணப் போட்டோ. போட்டோவில் வெள்ளை கவுன் போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி அவருடைய பேத்தி. தோழியோடு எடுத்துக்கொண்ட படம் என்றுதான் முதலில் நினைத்தேன். "மேலா, அது அவள் பெண்டாட்டி" என்றார் நான்னா, வெற்றிலை வாங்கி வா என்று சொல்வது போல அத்தனை சாதாரணமாக. 'மேலா' என்பது அவர்கள் பேச்சில் எங்கும் வரும் சொல், நம் 'ஆமா, பின்னே' மாதிரி.

அவருடைய கல்யாணப் போட்டோ எங்கே என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

1961-இல் பேராயர் மைக்கேல் கோன்சி, தொழிலாளர் கட்சியின் தலைவர்களைச் சபை ஆசீர்வாதங்களிலிருந்து விலக்கி வைத்தார். டோம் மின்டாஃப் தலைமையில் இருந்த அந்தக் கட்சியின் பத்திரிகையை வாசிப்பது சாவான பாவம், அதற்கு ஓட்டுப் போடுவது சாவான பாவம். அந்த வருடமே கட்சியின் துணைத் தலைவர் ஜூசே எல்லுல் மெர்சர் இறந்தபோது, மந்திரிக்காத நிலத்தில் புதைத்தார்கள். ஜனங்கள் அந்த இடத்தை 'மிஸ்ப்லா' என்றார்கள், குப்பைமேடு. நான்னாவைக் கட்டிக்கொள்ள இருந்தவர் கட்சிக்காரர். அதனால் பீடத்துக்கு முன்னால் கல்யாணம் கிடையாது. சாமியார் உடுப்பு மாற்றும் பின்னறையில், பூ இல்லாமல், பாட்டு இல்லாமல், சட்டென்று முடித்து அனுப்பிவிட்டார்கள். அப்போது அரசாங்கப் பதிவுத் திருமணம் என்ற ஒன்றே அங்கே இல்லை. 1969-இல்தான் சபைக்கும் கட்சிக்கும் சமாதானம் ஆனது.

இதைக் கேட்ட பிறகுதான் அந்த நாட்டு அரசாங்கத்தின் போக்கு எனக்குக் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது. மின்டாஃப் பிரதமரானதும் 1973-இல் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினார். 1975-இல் பதிவுத் திருமணம் வந்தது. பிறகு நாற்பது வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஜோவான் கஸார் என்ற திருநங்கைக்குப் பெண் என்று சான்றிதழ் கொடுத்த அதே நாடு, அவர் ஓர் ஆணைக் கல்யாணம் செய்துகொள்ள வந்தபோது முடியாது என்றது. வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2013-இல் ஜோசப் மஸ்கட்டின் தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் கஸாருடன் சமரசம் செய்து, சட்டத்தையும் திருத்தியது.

அதிலிருந்து எல்லாம் வேகம்தான். 2014-இல் குழந்தை தத்தெடுக்கும் உரிமையோடு ஒருபால் இணையருக்குச் சட்ட அங்கீகாரம். 2015-இல் பாலின அடையாளச் சட்டம்: ஆவணங்களில் பாலினத்தை மாற்ற ஆபரேஷன் வேண்டாம், டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம், நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழி போதும். ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத ஊடுபால் உடலோடு பிறக்கும் குழந்தைகளை, அவசியமே இல்லாமல் ஆணாகவோ பெண்ணாகவோ அறுத்துத் திருத்துவதையும் அதே சட்டம் தடை செய்தது. நர்ஸாக எனக்கு இதில் மிகப் பெரியது இந்தக் கடைசி விஷயம்தான். அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்பதில்லை, பெற்றோரிடமும் சரியாக விளக்குவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் சொன்ன தீர்ப்பின்படி தமிழ்நாடு அரசும் இதைத் தடை செய்து ஆணை போட்டிருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2016 டிசம்பரில், 'சிகிச்சை' என்ற பெயரில் தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் மாற்றப் பார்ப்பதையும் மால்டா தடை செய்தது. 2017 ஜூலை 12 அன்று ஒருபால் திருமணச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 67 உறுப்பினர்களில் 66 பேர் ஆதரவு. மூன்று வருடத்துக்கு முன் தத்தெடுப்பைக் காரணம் காட்டி வாக்களிக்காமல் இருந்த எதிர்க்கட்சியிலும், இந்த முறை ஒரே ஒருவர்தான் எதிர்த்தார். பேத்தியின் கல்யாணம் அதற்கு அடுத்த வருடம் நடந்தது.

இந்த அரசாங்கத்தைத் தூக்கி வைத்துப் பேசுவது என் எண்ணம் இல்லை. 2017 அக்டோபரில் டாஃப்னி கருவானா கலிட்ஸியா என்ற பத்திரிகையாளரைக் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். அந்த வழக்கு பிரதமர் அலுவலகத்தைத் தொட்டபோது மஸ்கட் பதவி விலக வேண்டி வந்தது. கருக்கலைப்பில் இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் கடுமையான சட்டம் அவர்களுடையதுதான்; 2023-இல்தான் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் செய்யலாம் என்று திருத்தினார்கள், அதிலும் ஆபத்து உடனடியானது இல்லையென்றால் மூன்று டாக்டர்கள் சம்மதிக்க வேண்டும். ஓட்டுக்காகச் செய்தார்களா, ஐரோப்பாவில் நல்ல பெயர் வாங்கச் செய்தார்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் போட்டோவில் இருக்கும் அந்த இரண்டு பெண்களுக்கும் சட்டம் சட்டம்தான். ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போனால் இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடலாம். அது போடப்படும் இடத்தில் தினமும் நிற்கிறவள் நான்.

"உங்கள் பேத்திக்கு பீடம் கிடைக்கவில்லையே" என்று ஒருநாள் கேட்டேன். கோயில் கல்யாணம் இன்றும் அவர்களுக்கு இல்லை. நான்னா கொஞ்ச நேரம் மாதா சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூ இருந்தது, பின்தி. பாட்டும் இருந்தது" என்றார்.

2023 செப்டம்பரில் ஐரோப்பாவின் பெரிய வானவில் பேரணி மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் நடந்தது. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு போய் ஓரமாக நின்று வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அடுத்த மாதம் 17-ஆம் தேதி டெல்லியில் உச்ச நீதிமன்றம், ஒருபால் திருமணத்தை நாங்கள் அங்கீகரிக்க முடியாது, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. அன்று ராத்திரி தம்பி போன் செய்தான். அவனும் அவனோடு ஆறு வருடமாக இருக்கும் பையனும் தீர்ப்பைப் போனில் நேரலையாகப் பார்த்தார்களாம். நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. அவன் அழுது முடிக்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான்னாவின் கதையை முழுசாகச் சொன்னேன்.

இந்த முறை லீவில் ஊருக்குப் போவதற்கு முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டேன், அவன் சம்மதத்தோடு. முதல் இரண்டு நாள் அம்மா போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். தம்பியும் அந்தப் பையனும்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்தப் பையன் மீன் சாப்பிடுவானா?" என்று கேட்டார்கள்.

சாப்பிடுவான் என்றேன்.