கூம்பு ஸ்பீக்கருக்கு ஒரு ஈக்யூ

"எந்த ஈக்யூ ப்ளக்இன் நல்லதுங்க?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "பாட்டு எதுல ஓடப்போகுது?" என்றுதான். ஈக்யூ என்பது ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி; ப்ளக்இன் என்பது பாட்டுப் பதிவு மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல். ஆனி பிறந்தாலே எனக்கு அம்மன் பாட்டு வேலை வந்துவிடும். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலில் மட்டுமா, சேலத்தில் பேட்டைக்குப் பேட்டை திருவிழா. பாட்டு எழுதுபவர், பாடுகிற அக்கா, பம்பைக்காரர் எல்லோரும் அம்மாப்பேட்டையில் என் மாடி அறைக்கு ஏறி இறங்குவார்கள். மிக்ஸ் முடிந்த பாட்டு முதலில் ஓடுவது தெருமுனைக் கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில்.

கூம்பு ஸ்பீக்கர் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேலே 6,000 போல வந்தாலே தேய ஆரம்பித்துவிடும். ஆக, 60 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றிவிட்டு "நல்லா கனமா இருக்கு" என்று தலையாட்டினால், அந்தக் கனம் தெருவுக்குப் போகவே போகாது. ஆம்ப்ளிஃபயர்தான் வீணாகத் திணறும். ஆனால் நம் மூளைக்கு ஒரு வழக்கம் உண்டு. 80 ஹெர்ட்ஸ் கேட்காவிட்டாலும் 320, 400, 480 என்று அதன் மடங்குகள் கேட்டால், கீழே இருக்கவேண்டிய ஸ்வரத்தை அதுவே ஊகித்துக்கொள்ளும். அதனால் கீபோர்டில் வாசித்த பேஸுக்கு (தாழ்ந்த ஸ்வரங்களுக்கு) முதலில் லேசாக ஒரு சாச்சுரேஷன், அதாவது ஒலியைக் கொஞ்சமாகச் சிதைக்கும் வித்தை, போட்டு மடங்குகளை வரவழைப்பேன். அப்புறம் 400-ஐச் சுற்றி அகலமான பெல் (மணி வடிவ மேடு) ஒன்றில் 2 டெசிபல் ஏற்றுவேன். யூடியூபில் பாடம் எடுக்கிறவர்கள் பாதிப்பேர் "300-ஐ வெட்டு, சேறு போகும்" என்கிறார்கள். சேறு என்பது கலங்கிய சத்தம். அவர்கள் ஊரில் சரி. இங்கே அதை வெட்டினால் கம்பத்தில் பாட்டுக்கு உடம்பே இருக்காது.

ப்ளக்இன் என்று பார்த்தால், நான் வேலை செய்வது ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு மென்பொருளில். அதோடு வரும் ரியாஈக்யூதான் முக்கால்வாசி வேலைக்கு. அதன் முகம் அழகாக இருக்காது, ஆனால் கணினி திணறாது. கூம்பைப் போல ஒலிக்க அதிலேயே ஒரு ப்ரீசெட் (சேமித்த அமைப்பு) செய்து வைத்திருக்கிறேன்: 350-க்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ், 5,500-க்கு மேலே வெட்டும் லோ-பாஸ், நடுவில் 2,000 பக்கம் ஒரு மேடு. இதை மொத்தப் பாட்டும் போகும் மாஸ்டரில் போடாமல் ரீப்பரின் மானிட்டரிங் எஃபெக்ட்ஸ் பகுதியில் போடுகிறேன். அங்கே போட்டது நம் காதுக்கு மட்டும்தான், ரெண்டர் செய்யும் (கடைசியாக எழுதி எடுக்கும்) கோப்பில் ஏறாது.

குரலுக்கும் பம்பைக்கும்தான் உண்மையான சண்டை. பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளை. ஒன்று மரம், ஒன்று வெண்கலம். குச்சி விழும் அந்த 'டக்' 2,000 முதல் 4,000 வரை நிற்கிறது. அம்மன் பாட்டில் 'க', 'த', 'ச' தெளிவாகக் கேட்கவேண்டிய இடமும் அதுவே. காதுக்குக் கூர்மை அதிகமுள்ள இடமும் அதுவே. சாதாரண ஈக்யூவில் பம்பையை அங்கே வெட்டினால் அக்கா மூச்சு வாங்கும் இடத்தில் பம்பை அட்டைப்பெட்டி மாதிரி ஒலிக்கும். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் டிடிஆர் நோவா என்ற, ஒலிக்கேற்பத் தானே ஏறி இறங்கும் ஈக்யூ போதும். குரலை அதன் சைட்செயினுக்கு (வேறொரு ஒலியைக் கேட்டு வேலை செய்யவைக்கும் வாசலுக்கு) அனுப்பி, 3,000-இல் குரல் வரும்போது மட்டும் பம்பை 3 டெசிபல் பணிந்து போகும்படி வைப்பேன். குரல் நின்றதும் பம்பை பழையபடி நிமிர்ந்துவிடும். பம்பைக்காரரிடம் இதைச் சொல்வதில்லை. பம்பையில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ (அலைகளின் நேர ஒழுங்கைக் குலைக்காத வகை) மட்டும் வேண்டாம். அடி விழுவதற்கு முன்னாலேயே ஒரு மங்கலான முன்னொலி ஒட்டிக்கொள்ளும்.

க்யூவை, அதாவது ஈக்யூ தொடும் அகலத்தை, குறுக்கி 10 டெசிபல் ஏற்றி, இங்கும் அங்கும் நகர்த்தி "கெட்ட சத்தம்" தேடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அவ்வளவு ஏற்றினால் எந்த இடமும் கெட்டதாகத்தான் கேட்கும். வெண்கலத்தின் ரீங்காரம் உறுத்தினால், முதலில் ஏற்றாமல் கேட்டு எந்த ஸ்வரம் என்று வாயால் முனகிப் பார்த்துவிட்டு, அங்கே மட்டும் கை வைப்பேன்.

தறிச் சத்தம் வேறு கதை. பக்கத்து வீட்டுப் பட்டறையில் பகலெல்லாம் விசைத்தறி ஓடும். மின்சாரத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸையும் குறுகலாக வெட்டி எடுத்துவிடலாம். தறியின் அடி அப்படியல்ல. குரல் இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கிறது. எந்த ஈக்யூவாலும் பிரிக்க முடியாது. அதனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்து, அன்றைக்குத்தான் பாட வரச் சொல்கிறேன். காலையில் கரண்ட் போனதும் தெருவே அமைதியாகிவிடும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு யூஎஸ்பி கொடுக்கும் மின்சாரமே போதும், இரைச்சலும் இருக்காது. ஃபேன் இல்லாமல் வியர்த்துக்கொண்டே பாடுவதுதான் அக்காவின் ஒரே புகார். பாவம், நியாயமான புகார்தான்.

மிக்ஸ் மட்டும் ராத்திரி, சத்தம் குறைத்து வைத்து. இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். சத்தம் குறையக் குறையக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மறையும். 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வரைந்துவிட்டார்கள். ராத்திரி பேஸ் பத்தவில்லை என்று தோன்றினாலும் கை வைக்காமல், காலையில் சத்தமாக ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வேன்.

பாட்டுக்குப் பணம் போடுகிறவர்கள் விடுவதில்லை. "தம்பி, பேஸ் பத்தலைங்க" என்பார்கள். கேட்டது தங்கள் காரில், டிக்கியில் வைத்த சப்வூஃபரில். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. இரண்டு கோப்பு கொடுத்துவிடுகிறேன்: காருக்கு ஒன்று, கம்பத்துக்கு ஒன்று. மைக் செட்காரருக்குப் போகும் பென் டிரைவில் மட்டும் கம்பத்துக் கோப்பை மட்டுமே போடுவேன். இரண்டும் இருந்தால் அவரும் அதைக் காரில் போட்டுப் பார்த்து, பேஸ் அதிகமானதைத்தான் எடுப்பார்.